வெளியே தெரிகிற தையல்

மச்சாள்,

காலையில் அலுமாரியின் மேல்தட்டைத் துடைக்கப் போய் உங்கள் போத்தல் கையில் அகப்பட்டது. பால்மா வந்த பழைய கண்ணாடிப் போத்தல், தகர மூடி. திறந்தேன். உள்ளே ஒரு பிடி அரிசியும் நாலைந்து கராம்பும். துறைமுகத்து உப்புக் காற்றில் மருந்துக் குளிசைக்கு ஈரம் பிடிக்கக் கூடாது என்று நீங்கள் போட்டு வைத்தவை. அரிசி பழுத்துப் போய்விட்டது. கராம்பு இன்னும் மணக்கிறது.

அந்த மணம் மூக்கில் ஏறின கையோடு, வலது கமக்கட்டுக்குள்ளிருந்து முழங்கை வரைக்கும் எரிவு ஒரு தரம் ஓடி இறங்கியது. நீங்கள் இருந்திருந்தால் தையல் மெசினிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "என்ன, மாப்பிள்ளை எழும்பிட்டாரோ?" என்று கேட்டிருப்பீர்கள். இந்த நோவுக்கு வீட்டோட மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவர் நீங்கள்தானே. கேட்காமல் வருவார். போகச் சொன்னால் போகமாட்டார். கொடுக்க வேண்டியதை நேரத்துக்குக் கொடுத்தால் ஒரு மூலையில் கிடப்பார்.

மாப்பிள்ளை இன்னும் இருக்கிறார், மச்சாள். நானும் இருக்கிறேன். நீங்கள்தான் இல்லை. எனக்கு உங்களில் கோபம். ஊர் முழுக்க எனக்குத்தான் நாள் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மாலை கட்ட வேண்டிய நீங்கள், ஒரு சட்டைக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெசினில் சாய்ந்தீர்கள். நீங்கள் போனபின் இது இரண்டாவது மாரி. வாசலில் ஒழுங்கை முழுக்க வெள்ளம். எனக்கு உங்களோடு கதைக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

சீனிக்கும் பாணுக்கும் விடியற்காலையில் போய் வரிசையில் நின்ற காலத்தில்தான் எனக்கு அந்த வருத்தம் வந்தது. அப்போதெல்லாம் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்பார்கள், சொல்லிவிட்டு வாயைத் துடைப்பார்கள். என் மனுசன், உங்கள் தம்பி, என்மேல் உயிரையே வைத்திருக்கிறவர். ஆனால் ஆஸ்பத்திரி மணத்துக்கே தலை சுற்றி விழுகிற ஆள். கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னோடு ரயிலேறி வந்தது நீங்கள். வலது மார்பை எடுத்த அன்று நான் கண் விழித்தபோது கால்மாட்டில் கதிரை போட்டு இருந்தீர்கள். "பாரம் குறைஞ்சிட்டுது மச்சாள், இனிக் கெதியா நடக்கலாம்" என்றீர்கள். பக்கத்துக் கட்டில்காரி உங்களை ஒரு மாதிரிப் பார்த்தாள். நான் சிரித்தேன். சிரிக்கத் தையல் நொந்தது.

பிறகு கரண்ட் பிடித்தார்கள், கதிர் வைத்தியத்துக்கு ஊரில் அதுதான் பெயர். தோல் கறுத்து உரிந்தது, ஆறியது. திருகோணமலைக்குத் திரும்பி வந்தோம். காயம் ஆறிவிட்டது, வருத்தத்தின் அடையாளம் எங்கும் இல்லை, நல்லாயிருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். கோணேசருக்கு உங்கள் தம்பி அபிஷேகம் செய்வித்தார்.

அந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் எரியத் தொடங்கியது.

காயத்தில் இல்லை. காயம் மரத்துப் போய்க் கிடந்தது. அதைச் சுற்றியும், கமக்கட்டுக்குள்ளும், உட்கையிலும், பச்சை மிளகாயை அரைத்துப் பூசிவிட்ட மாதிரி. சில நேரம் யாரோ ஊசியால் குத்திக்கொண்டு போவது போல. அழுத்திப் பிடித்தால்கூடப் பொறுக்கலாம், சும்மா துணி பட்டால்தான் பொறுக்க ஏலாது. சேலைத் தலைப்பு காற்றில் ஆடிக் கையில் உரசினால் நான் துள்ளுவேன். நான் படிப்பிக்கிற பாலர் வகுப்பில் பிள்ளையொன்று ஓடிவந்து கையைப் பிடித்தால் கரும்பலகையில் போய் மோதுவேன். இடது கையால் "அ" எழுதப் பழகினேன். பிள்ளைகளுடைய "அ" என்னுடையதைவிட அழகாக இருந்தது.

கேட்ட ஆட்களுக்கெல்லாம் ஒரே கேள்விதான். "புண் ஆறிட்டுது, பிறகென்ன நோ?" உங்கள் தம்பி பயந்து, திரும்பவும் வந்துவிட்டதோ என்று என்னைப் பார்க்கிறபோதெல்லாம் கண் கலங்கினார். திரும்பக் கூட்டிக்கொண்டு போய்ச் சோதித்ததில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றானபின் எல்லாரும் அது என் நினைப்பு என்று முடிவுகட்டினார்கள். நீங்கள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. என் கையைத் தொடாமல், கிட்ட வைத்துப் பார்த்துவிட்டு, "எங்க எரியுது எண்டு சொல்லுங்கோ" என்று கேட்டீர்கள். நான் காட்டிக் காட்டி வர, வெள்ளைச் சுண்ணக்கட்டியால் என் பழைய சட்டையில் கோடு போட்டுக்கொண்டு வந்தீர்கள். போட்டு முடித்துப் பார்த்தால் கோடு முழுக்கச் சட்டையின் உள்தையல் ஓடுகிற வழி.

அன்று பின்னேரம் உங்கள் பெட்டகத்தைத் திறந்தீர்கள். உங்கள் மனுசன், அத்தானுடைய வேட்டி அதற்குள்தான் இருந்தது. வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் வேலை செய்த மனுசனுடையது, வெளுத்து வெளுத்துப் பூப்போலாகியிருந்தது. அவர் செத்து எத்தனையோ வருஷமாகியும் நீங்கள் அதை யாரையும் தொட விட்டதில்லை. ஒரு பழைய துணித் துண்டைக்கூடக் குப்பையில் போடாத நீங்கள், அந்த வேட்டியை என் முன்னால் கத்தரிக்கோலால் வெட்டினீர்கள். நான் வேண்டாம் என்றேன். "அவர் இப்ப வேட்டி கேக்கமாட்டார்" என்றீர்கள். அந்த வேட்டியில் எனக்குச் சேலைக்குப் போடுகிற சட்டை தைத்தீர்கள். உள்தையல் முழுக்க வெளிப்பக்கம். தோலில் படுவது வழுவழுப்பான பக்கம் மட்டும். போட்டுக்கொண்டேன். எரிவு நிற்கவில்லை, ஆனால் ஒரு மணித்தியாலம் சட்டையோடு இருக்க முடிந்தது. எனக்கு அழுகை வந்தது.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். "ரீச்சர், சட்டை மாறிக் கிடக்குது" என்று வழியில் கண்ட ஆட்களெல்லாம் மெதுவாகச் சொன்னார்கள். "இல்லை, இது இப்படித்தான்" என்று நானும் சொல்லிக்கொண்டே போனேன். நம்பின ஆட்கள் குறைவு.

குளிசை வந்தது அதற்குப் பிறகு. கொழும்புக் கிளினிக்கில் அந்தச் சிங்கள டொக்டர் அம்மா நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டா. வெட்டிலும் கரண்டிலும் நரம்புகள் காயப்பட்டுவிட்டன, காயம் இல்லாத இடத்திலும் அவை காயம் என்று கத்திக்கொண்டிருக்கின்றன, பொய்யில்லை, நினைப்புமில்லை என்றா. நீங்கள் டொக்யாட் சந்தையில் பழகின சிங்களத்தை வைத்து எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னீர்கள். சின்னக் குளிசை ஒன்று. பெரிய அளவில் கொடுத்தால் மனம் சோர்ந்தவர்களுக்கு. சின்ன அளவில் நரம்பின் கத்தலைக் குறைக்கும். ஒவ்வொரு இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. எரிந்தாலும் எரியாவிட்டாலும்.

இந்தக் கடைசி வார்த்தையைத்தான் நாங்கள் இரண்டு பேரும் கேட்டும் கேட்காத மாதிரி விட்டோம். விடாமல் என்ன செய்வது? சீனியை விருந்தாட்களுக்கு என்று பொத்திவைத்து, நாங்கள் பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணி குடித்த காலம். நெருப்புக் குச்சியை நடுவில் பிளந்து இரண்டாக்கின காலம். கிடைப்பதற்கரிய குளிசையை நோ இல்லாத நாளில் விழுங்குவது உங்களுக்கு அடுக்குமா? போத்தலில் அரிசியும் கராம்பும் போட்டு, குளிசையை அதற்குள் இட்டு, சீனிக்குப் பக்கத்தில் உங்கள் அலுமாரியில் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். "நல்லா எரியேக்க கேளுங்கோ மச்சாள், தாறன். சும்மா எரிஞ்சாப் பொறுங்கோ." நானும் பொறுத்தேன். மிகவும் எரிந்த நாட்களில் ஒன்று தந்தீர்கள். வாய் காய்ந்தது, அடுத்த நாள் முழுக்கத் தூங்கித் தூங்கி விழுந்தேன், எரிவு அப்படியே இருந்தது. இது உதவாத குளிசை என்று இரண்டு பேரும் தீர்மானித்தோம்.

அடுத்த கிளினிக்குக்கு, மிச்சம் பிடித்த பெருமையோடு போத்தலைக் கொண்டுபோய் மேசையில் வைத்தீர்களே, அந்த முகம் எனக்கு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. டொக்டர் அம்மா போத்தலைப் பார்த்தா, உங்களைப் பார்த்தா, அரிசியைப் பார்த்தா. பிறகு உங்களிடம் நிதானமாகக் கேட்டா: கத்தரிக்கன்று வைத்தால் வாடி விழுந்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுவீர்களா? இதுவும் அப்படித்தான், நாளுக்கு நாள் ஊற வேண்டும், குணம் தெரிய இரண்டு மூன்று கிழமையாகும், வாய் காய்வதும் தூக்கமும் போகப் போகக் குறையும். முழுக்க இல்லாமல் போகும் என்று நான் சொல்லமாட்டேன், பக்கத்து வீட்டு ரேடியோவைக் குறைத்து வைத்த மாதிரி இருக்கும். நீங்களாக ஒருநாளும் சட்டென்று நிறுத்தக் கூடாது என்றா.

திரும்பி வரும் ரயிலில் கந்தளாய் கழிந்த பிறகுதான், "என்ர கஞ்சத்தனத்தால உங்களை எரிய விட்டிட்டன்" என்றீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்தேன், இடது கையால்.

அன்றிலிருந்து நீங்கள் வேறு ஆள், போத்தலும் என் அலுமாரிக்கு வந்தது. இரவுச் சாப்பாட்டு நேரம் வந்தால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் குரல் வரும். "மச்சாள், போட்டாச்சோ?" ஒழுங்கையில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் கேட்கும். "ஓம் மச்சாள், போட்டாச்சு" என்று நான் கத்துமட்டும் விடமாட்டீர்கள். மெல்லச் சொன்னால், "கேக்கேல்லை" என்பீர்கள். டொக்டரிடம் குளிசைக்குத் துண்டு எழுதி வாங்கவும், கடை கடையாகத் தேடவும், ஒருநாளும் தீர்ந்துபோகாமல் பார்க்கவும் பழகினீர்கள்.

ஒருநாள் கடற்கரை வீதியால் வந்துகொண்டிருந்தேன். காற்று அடித்துச் சேலை கையில் பட்டது. நான் துள்ளவில்லை. எரிந்தது, ஆனால் தூரத்தில். அப்படியே நின்றுவிட்டேன். ஊருக்குள் திரிகிற மான் ஒன்று மதில் ஓரத்தில் யாரோ போட்ட பாண் துண்டைத் தின்றுகொண்டிருந்தது. அந்த மானுக்குத்தான் முதலில் சொன்னேன், பிறகு ஓடிவந்து உங்களுக்கு.

பிரச்சினை பாமசியில் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் குளிசை இல்லையென்றதால் பட்டணத்து பாமசிக்குப் போனோம். துண்டை வாங்கிப் பார்த்த பொடியன், சனம் நிற்கிற நேரத்தில், "இது விசருக்குக் குடுக்கிற குளிசை எல்லோ, ஆருக்கு?" என்று கேட்டான். சனம் என்னைப் பைத்தியம் என்று பார்க்க, நான் நிலத்தில் கண்ணைப் போட்டேன். நீங்கள் கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றி, "நரம்பு எரிவுக்கும் இதுதான் தம்பி. இவ்வளவு நாளும் தெரியாட்டி இண்டைக்குத் தெரிஞ்சு கொள்ளுங்கோ" என்றீர்கள். ஆனால் சனம் கேட்டது அவன் சொன்னதை. ரீச்சர் சட்டையை மாறிப் போட்டுக்கொண்டு திரிகிறா, விசர்க் குளிசை போடுகிறா, மச்சாள்காரி ஒவ்வொரு இரவும் கத்திக் கத்தித்தான் விழுங்க வைக்கிறா. ஊருக்குக் கதை சரியாகப் பொருந்திவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் வசந்திக்குச் சம்பந்தம் வந்தது. உங்கள் ஒரே மகள். பெடியன் கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் கிளாக்கர். சீதனம் பெரிதாகக் கேட்கவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளைக்கு அதைவிட நல்ல இடம் வராது என்று எல்லாரும் சொன்னார்கள். தரகர் வந்து, தேத்தண்ணி குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ஒண்டும் நினைக்கக் கூடாது. பொம்பிளை பாக்க அவை வாற அண்டைக்கு மட்டும் ரீச்சரம்மா வேற எங்கையும் நிண்டா நல்லம். அந்தக் குளிசையையும் கலியாணம் முடியுமட்டும் நிப்பாட்டி வைச்சா, கதை அடங்கிப் போகும்." உங்கள் தம்பி தலையைக் குனிந்துகொண்டு ஓம் என்றார். நானும் ஓம் என்றேன். வசந்தி என் மடியில் வளர்ந்த பிள்ளை. எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும்.

வெருகலில் இருக்கிற என் ஒன்றுவிட்ட அக்காவிடம் போக உடுப்புப் பையைக் கட்டினேன். குளிசைப் போத்தலை எடுக்கவில்லை. நீங்கள் வந்து பையைப் பார்த்தீர்கள், அலுமாரியில் இருந்த போத்தலைப் பார்த்தீர்கள்.

"எங்க போறியள்?"

"வெருகலுக்கு. முருகனையும் பாத்திட்டு வாறன்."

"முருகன் உங்களைக் கேட்டவரோ? நீங்கள் போனா நானும் வாறன் மச்சாள். பொம்பிளை பாக்க வாறவை கிடுகு வேலியைப் பாத்திட்டுப் போகட்டும்."

"விளையாடாதேங்கோ. வசந்தியின்ர வாழ்க்கை."

"வசந்தியின்ர வாழ்க்கைதான். உங்களை ஒளிச்சு வைச்சுக் கட்டினா, நாளைக்கு அவளுக்கு ஒரு நோ வந்தாலும் அவை அவளையும் ஒளிச்சுத்தான் வைப்பினம்."

பையை அவிழ்த்துச் சேலைகளைத் திரும்பக் கொடியில் போட்டீர்கள்.

அவர்கள் வந்தார்கள். பெடியன், தாய், தாயின் தமக்கை, தரகர். நான் குசினிக்குள்ளேயே நின்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். நீங்கள் என்னை முன் அறைக்கு இழுத்துக் கதிரையில் இருத்திவிட்டு, "இவதான் என்ர மச்சாள். ரீச்சர்" என்றீர்கள். அவர்களின் கண் என் சட்டையில் போய் நின்றது. பிறகு உங்கள் பக்கம் திரும்பினார்கள். அப்போதுதான் நானும் உங்களைச் சரியாகப் பார்த்தேன். நல்ல நாளுக்கென்று வைத்திருந்த நீலச் சேலை. அதோடு, மாறிப் போட்ட சட்டை. கைத்தையல், தோள்த்தையல், கழுத்துத்தையல் எல்லாம் வெளியே. ஊரில் உங்களைப்போல ஒழுங்காகத் தைக்க ஆளில்லை என்ற பெயர் உங்களுக்கு. தையற்காரிக்கு அதைவிட மானக்கேடு கிடையாது.

பெடியனின் தாய்தான் கேட்டா. "அக்கா, அவசரத்தில சட்டை மாறிப்போச்சுப்போல."

"மாறேல்லை தங்கச்சி. சரியாத்தான் கிடக்கு. என்ர மச்சாளுக்குப் புற்றுநோய் வந்தது. வெட்டி எடுத்து, சுகமாகிட்டா. ஆனா நரம்பு எரியுது, உள்தையல் பட்டாப் பொறுக்கேலாது. அதுக்குத்தான் இந்தச் சட்டை, அதுக்குத்தான் குளிசை. ஊரில வேற மாதிரிக் கதைக்கிறாங்களாம். நீங்கள் பிழையாக் கேட்டுப் போடக்கூடாது எண்டு சொல்லுறன். எங்கட வீட்டில இனி எல்லாரும் சட்டை இப்பிடித்தான்."

புற்றுநோய் என்று முழுப்பெயரைச் சொன்னீர்கள், பெண் பார்க்க வந்த வீட்டில், பலகாரத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு. தரகர் கண்ணை மூடிக்கொண்டார். பெடியன் நிலத்தைப் பார்த்தான். தாயின் தமக்கை தேத்தண்ணியை வாயில் வைத்துவிட்டுக் கீழே வைத்தா. மிகவும் மரியாதையாக எழும்பிப் போனார்கள். மறுமொழி வரவே இல்லை.

உங்கள் தம்பி உங்களோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. வசந்தி உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்து, "சீனித் தொழிற்சாலைக்காரருக்கு எங்கட தேத்தண்ணியில சீனி காணாதாம் அம்மா, நல்ல காலம் தப்பினன்" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். மூன்று மாதம் பொத்திவைத்த சீனி போச்சே என்று புலம்பினீர்கள். பிறகு மெசினில் போய் இருந்தீர்கள். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் ஊசிக்குக் கீழே துணி இல்லை. சும்மா மிதித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தீர்கள். நான் பார்த்ததை உங்களுக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்காக இவ்வளவு பெரிய விலை கொடுத்த ஆள் இந்த உலகத்தில் வேறு இல்லை.

அன்று இரவும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. கொஞ்சம் கம்மியிருந்தது. ஆனால் சத்தம் குறையவில்லை.

வசந்திக்குக் கலியாணம் பிந்தித்தான் நடந்தது. புல்மோட்டையில் மணல் கொம்பனியில் வேலை செய்கிற பெடியன். முதல் தரம் வந்தபோதே என்னிடம், "மாமி, அந்தக் குளிசை காலெரிவுக்கும் கேக்குமோ, என்ர ஐயாவுக்குக் கிடக்கு" என்று கேட்டான். டொக்டரைக் கேளுங்கோ என்று நான் சொல்லி முடிக்கமுன்னம், நீங்கள் அவனுக்கு இரண்டாவது முட்டையும் பொரித்துவிட்டீர்கள்.

நீங்கள் போன அன்று பெண்டுகள் உங்களுக்குப் புதுச் சேலை உடுத்தினார்கள். மெசினில் கிடந்த உங்கள் சட்டைக்கு மற்றக் கையை நான்தான் பொருத்தி முடித்தேன். என் வலது கையால், எரிய எரிய. உங்களுக்கு அதைப் போட்டுவிட்டபோது, "ரீச்சர், மாறிக் கிடக்குது, திருப்பிப் போடுங்கோ" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி கையை நீட்டினாள். நான் தட்டிவிட்டேன். "சரியாத்தான் கிடக்கு" என்றேன். வசந்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். அதற்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை. தையல் வெளியே தெரியத்தான் உங்களை அனுப்பினேன்.

இப்போது கடையில் எல்லாம் கிடைக்கிறது, மச்சாள். சீனி வேண்டியமட்டும். நைலெக்ஸ் சேலை நிறம் நிறமாக. குளிசைக்கும் தட்டுப்பாடில்லை. பள்ளிக்கூடத்தில் வலது கையால் எழுதுகிறேன், பின்னேரமானால் எழுத்து கொஞ்சம் சரியும். குளிர் காற்றுக்கு எரிவு கூடும், மாரி என்றால் கேட்கவே வேண்டாம். அடுத்த முறை கிளினிக்கில் குளிசையைக் கூட்டுவதா என்று கேட்க வேண்டும். ஊரில் ஒன்றிரண்டு பேர் இன்னும் என்னை விசர் ரீச்சர் என்றுதான் சொல்கிறார்கள். சொல்லட்டும். போன கிழமை பாமசியில் ஒரு பெண் இந்தக் குளிசைத் துண்டை மடித்துக் கைக்குள் ஒளித்துக்கொண்டு நின்றாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று, என் குளிசையின் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கேட்டேன். அவள் என் சட்டையைப் பார்த்தாள், பிறகு துண்டை விரித்தாள்.

போத்தலைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். புது அரிசி போட்டாயிற்று. உங்கள் கராம்பை மாற்றவில்லை.

சாப்பாடு முடிந்தது. மழை விட்டிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் உங்கள் வீட்டில் இப்போது குடியிருப்பவர்களுக்கு என்னைப் பழகிவிட்டது, அவர்கள் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. உங்கள் தம்பி மட்டும் ரேடியோவைக் குறைப்பார். குளிசையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, ஒவ்வொரு இரவும் போலவே வேலியடிக்குப் போய், ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொல்கிறேன்.

ஓம் மச்சாள், போட்டாச்சு.